மீன் எங்கே நிற்கிறது?

"மூணு மாசம் ஆச்சு தங்கச்சி. எனக்கு என்ன குறைன்னு இன்னும் நீ சொல்லவே இல்லை" என்றார் வீரபத்திரன்.

பிலோமினா ஓடைக்கரையில் உட்கார்ந்து ரப்பர் பூட்சைக் கழுவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஒரு குறையும் இல்லை அண்ணே."

"அப்போ கையெழுத்துப் போடு."

"போட மாட்டேன்."

வீரபத்திரனுக்கு ஐம்பத்து மூன்று வயது. பிலோமினாவுக்கு முப்பத்து நான்கு.

அது நீலகிரியின் மேல்மலை. பனிக்கொரை ஓடையில் டிரவுட் மீன் பிடிக்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். இங்கே புழு கோக்கக் கூடாது. தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய் ஈயைத் தண்ணீர்மேல் பறக்கவிட்டுத்தான் மீனை ஏமாற்ற வேண்டும். பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும். வருகிறவர்களைக் கூட்டிப்போய் வழி சொல்கிறவர் கைடு. பிலோமினா பதினோரு வருடமாக கைடு.

வீரபத்திரன் தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்தவர். பொங்கலோடு ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். திருப்பூரில் இருக்கும் மகன், தான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலை பேசி வைத்திருந்தான். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கழுத்தில் ஒரு விசில்.

வீரபத்திரனுக்கு மலையை விட்டு இறங்க மனமில்லை.

கைடு ஆவதற்கு ஒரு படிவம் இருந்தது. அதில் மூத்த கைடு ஒருவர் கையெழுத்திட வேண்டும். சீசனின் முதல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் தூண்டில் சங்க அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான்.

முதல் ஞாயிறுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

"என்ன வேணும்னு சொல்லு, செய்யறேன்" என்றார் வீரபத்திரன்.

பிலோமினா பூட்சைக் கவிழ்த்து வைத்தார்.

"தூண்டில் கோலை எடுங்க. வீசிக் காட்டுங்க."

வீரபத்திரனின் முகம் மலர்ந்தது. அவர் காத்திருந்ததே இதற்குத்தான்.

சீசன் தொடங்கவில்லை என்பதால் ஈயில் முள் இல்லை. வெறும் இறகு. கோல் வளைந்தது. நூல் பின்னால் போய், முழுதாக நீண்டு, முன்னால் வந்தது. எதிர்க்கரையில் ஒரு நாவல் கிளை தண்ணீரைத் தொடுவது போலத் தாழ்ந்திருந்தது. கிளைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. ஈ அந்தச் சாணுக்குள் நுழைந்து சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

ஒரு மீன் எழும்பி வந்து, வாயில் வாங்கி, துப்பிவிட்டுப் போனது.

"பார்த்தியா?"

"பார்த்தேன். இப்படி வீச இந்த மலையில இன்னொரு ஆள் கிடையாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"அப்புறம் என்ன?"

"கோலை வைங்க. இன்னொரு மீன் எங்கே நிக்குதுன்னு எனக்குக் காட்டுங்க."

வீரபத்திரன் ஓடையைப் பார்த்தார். அவருக்கு ஒரு நொடி போதும்.

"அதோ, அங்கே!"

கையை நீட்டினார். கையின் நிழல் தண்ணீரில் விழுந்தது. தண்ணீருக்கு அடியில் ஒரு கோடு ஓடி மறைந்தது.

"எங்கே?"

"இருந்துச்சு. போயிடுச்சு."

"நான் பார்க்கலையே."

"நீ பார்க்கிறதுக்குள்ள போயிடுச்சு."

"யாரு போகச் சொன்னது?"

வீரபத்திரன் நீட்டிய கையைப் பார்த்தார். மெதுவாக மடக்கிக்கொண்டார்.

பிலோமினா பையிலிருந்து பிளாஸ்கை எடுத்தார். இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் விளிம்பு வரை தேநீர் ஊற்றினார். இரண்டையும் அவரிடமே நீட்டினார்.

"ரெண்டும் எனக்கா?"

"பிடிங்க. கைக்கு ஒண்ணு."

பிடித்தார்.

"குடிக்கலாமா?"

"கூடாது. இப்போ சொல்லுங்க. மீன் எங்கே?"

வீரபத்திரன் ஓடைப்பக்கம் திரும்பினார். வலது கை தானாக எழுந்தது. சூடான தேநீர் மணிக்கட்டில் கொட்டியது.

"ஆ!"

"எங்கே?"

"அங்கேதான். அந்தக் கல்லுக்குப் பக்கத்துல."

"எந்தக் கல்லு?"

"பெரிய கல்லு."

"இந்த ஓடையில பெரிய கல்லு எத்தனை இருக்கு?"

"உனக்குத் தெரியாதா அந்தக் கல்லு? போன வாரம் வழுக்கி விழுந்தியே!"

"எனக்குத் தெரியும். நான் எங்கே விழுந்தேன்னு கோயமுத்தூர்ல இருந்து வர்றவருக்குத் தெரியுமா?"

வீரபத்திரன் அந்தக் கல்லையே மறுபடி பார்த்தார்.

தூளை முகர்ந்தே எந்தச் சரிவில் பறித்த இலை என்று சொல்லக்கூடிய மனிதர் அவர். ஆடை படர்ந்து ஆறிப்போகும் தேநீரைக் கை ஒன்றுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நின்றது அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

"நாளைக்கும் ரெண்டு டம்ளர்தானா?"

"நாளைக்கும்" என்றார் பிலோமினா.

மறுநாள் பிலோமினா ஒரு நீண்ட மூங்கில் குச்சியோடு வந்தார். தண்ணீருக்குள் முட்டளவு இறங்கி, கண்களை மூடிக்கொண்டார்.

"ஒரு கல்லுமேல மஞ்சள் இலை ஒண்ணு ஒட்டி வெச்சிருக்கேன். கண்ணைத் திறக்க மாட்டேன். குச்சி நுனியை இலையில வைக்கச் சொல்லுங்க."

வீரபத்திரன் கரையில் நின்றார். இரு கையிலும் டம்ளர்.

"இந்தப் பக்கம் வா."

"எந்தப் பக்கம்?"

"என் பக்கம்."

"கண்ணை மூடினா நீங்க எந்தப் பக்கம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"குரல் வருதுல்ல?"

"ஓடையும்தான் சத்தம் போடுது."

அன்று மூங்கில் நுனி ஒரு முள்செடிக்குள் போனது. அதற்கு அடுத்த நாள் வீரபத்திரனின் தொப்பியைத் தட்டிவிட்டது.

"இதை வேணும்னே செஞ்சே" என்றார் வீரபத்திரன்.

"நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன்" என்றார் பிலோமினா, கண்ணைத் திறக்காமல்.

நான்காம் நாள் வீரபத்திரன் பேச்சை மாற்றினார்.

"தண்ணி உன் காலுக்குப் பின்பக்கம் மோதுது. சரியா?"

"சரி."

"அது போற பக்கம்தான் முன்பக்கம். குச்சியை நேரா நீட்டு. இப்போ சோத்துக்கை பக்கம் ஒரு முழம் நகர்த்து. கொஞ்சம் இறக்கு. இன்னும் நாலு விரல். நில்லு."

மூங்கில் நுனி மஞ்சள் இலையின் காம்பில் நின்றது.

பிலோமினா கண்ணைத் திறந்து பார்த்தார். ஒரு டம்ளரை அவரிடமிருந்து வாங்கிக் குடித்தார். அது சூடாகவே இருந்தது.

வீட்டில் வீரபத்திரனின் மனைவி மரகதம் அடுப்படியிலிருந்து கேட்டார்: "கத்தரிக்கோலை எங்கே வெச்சீங்க?"

முன்பெல்லாம் "அங்கதான் இருக்கும், பாரு" என்பதுதான் பதில்.

"சாமி படத்துக்குக் கீழே ரெண்டாவது தட்டு. ஊசி டப்பாவுக்குப் பின்னாடி. கைப்பிடி சுவத்தைப் பார்த்து இருக்கும்" என்றார் வீரபத்திரன், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மரகதம் வெளியே வந்து அவரைப் பார்த்தார். கையில் கத்தரிக்கோல் இருந்தது.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஏன்?"

"கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருஷத்துல இன்னிக்குத்தான் முழுசாப் பேசியிருக்கீங்க."

பத்தாம் நாள். மூங்கில் நுனி தொடர்ந்து ஏழு முறை இலையைத் தொட்டது.

"இப்போவாவது கையெழுத்துப் போடலாமில்ல?"

"கண்ணை மூடினாலும் இந்த ஓடை எனக்குள்ள இருக்கு அண்ணே. பாதி நீங்க சொல்றீங்க, பாதி நானே போட்டுக்கிறேன். ஒண்ணுமே தெரியாத ஒருத்தர் வரட்டும்."

முதல் ஞாயிறு காலையில் அவர் வந்தார்.

பெயர் துரைக்கண்ணு. கோபியில் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாட்டசாட்டமான ஆள்.

"மீன் பிடிக்கணும்னு நான் கேக்கவே இல்லீங்க. மக பொறந்த நாளுக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்துட்டா. வேட்டி எடுத்துக் குடுத்திருந்தா கட்டிக்கிட்டு வீட்டுலயே உக்காந்திருப்பேன்" என்றார்.

தண்ணீரில் இறங்குவதற்கான நீளமான ரப்பர் கால்சட்டையைக் கொடுத்தார்கள். அதன் தோள்பட்டை வார் ஒன்று அறுந்திருந்தது. வேறு எதுவும் அவர் அளவுக்கு இல்லை. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியிருந்தது.

"ஒரு கையில கோல். ஒரு கையில மானம். கெளம்பலாமுங்க" என்றார் துரைக்கண்ணு.

பிலோமினா அவர்களோடு போகவில்லை.

"நாலு மணிக்கு வர்றேன் அண்ணே. படிவம் என் பையிலதான் இருக்கு."

"அலுவலகம் இருபது நிமிஷ நடை, ஞாபகம் இருக்கட்டும்."

"எனக்கு ஞாபகம் இருக்கு."

டம்ளர்களையும் கொடுக்கவில்லை. வீரபத்திரன் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார்.

காலை முழுதும் துரைக்கண்ணு வீசக் கற்றார். ஈ முதலில் புல்லில் மாட்டியது. பிறகு நாவல் கிளையில். பிறகு வீரபத்திரனின் காலரில். முள்ளின் கொக்கியை முன்னமே நசுக்கி வைத்திருந்ததால் சுலபமாகக் கழன்றது.

"ஒண்ணு பிடிச்சிட்டேனுங்களே! எடை எவ்வளவு வரும்?"

"அறுபத்தெட்டு கிலோ. திரும்ப விட்டுடணும்" என்றார் வீரபத்திரன்.

மதியத்துக்குப் பிறகு ஓடை அகன்று ஆழமில்லாமல் ஓடும் இடத்துக்கு வந்தார்கள். முட்டளவுத் தண்ணீரில் நின்றார்கள். வீரபத்திரனுக்கு உடனே தெரிந்தது. ஒரு முழ நீள மீன், தண்ணீர் வரும் பக்கம் முகத்தை வைத்து அசையாமல் நின்றது.

முதுகுக்குப் பின்னால் விரல்கள் துடித்தன. இன்னும் இறுக்கிக் கோத்துக்கொண்டார்.

"சார், அசையாமக் கேளுங்க. உங்களுக்கு நேரே, பாசி பிடிச்சு தொப்பி போட்ட மாதிரி ஒரு கல்லு."

"ஆமாங்க."

"அதுல இருந்து சோத்துக்கை பக்கம் ஒரு கோல் நீளம். அங்க தரை வெளுப்பா இருக்கும்."

சொன்ன பிறகுதான் 'அங்க' என்று சொன்னது அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வெளுப்பா, மணலா இருக்கும். அந்த மணல்ல விரல் அகலத்துல ஒரு கறுப்புக் கோடு. அது மீனோட நிழல். நிழலுக்கு ஒரு சாண் மேலே மீன்."

துரைக்கண்ணு குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலீங்க. தண்ணி தகதகன்னு இருக்குது. வானம்தான் தெரியுது."

வீரபத்திரன் மறுபடி சொன்னார். இன்னும் மெதுவாக, இன்னும் துல்லியமாக.

"கல்லு தெரியுதுங்க. மேகம் தெரியுதுங்க. மீனைக் காணோமுங்க."

மணி மூன்றரை இருக்கும். மீன் அங்கேயே நின்றது. வீரபத்திரனுக்கு அது கடையில் தொங்கும் சாவிக்கொத்து போலத் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் நிற்கும் மனிதருக்கு அது இல்லவே இல்லை. பனியன் கம்பெனி நாற்காலி ஒரு முறை கண்முன் வந்து போனது.

சொல்ல வேண்டியதை எல்லாம் அவர் சொல்லியாகிவிட்டது. இனிச் சொல்ல ஒன்றும் இல்லை.

அதனால் கேட்டார்.

"சார், பஸ் ஓட்டும்போது நல்ல மழை. வைப்பர் வேலை செய்யலை. என்ன செய்வீங்க?"

"எங்க டெப்போ வண்டியில வைப்பர் எப்பங்க வேலை செஞ்சிருக்குது?"

"அப்போ எப்படி ஓட்டுவீங்க?"

"கண்ணாடியைப் பாக்கக் கூடாதுங்க. கண்ணாடியில வழியிற தண்ணியைப் பாத்தாக் கெட்டோம். அதை விட்டுப்போட்டு, அந்தப்பக்கம் இருக்கிற ரோட்டைப் பாக்கோணும். கொஞ்ச நேரத்துல மழையே காணாமப் போயிரும்."

"அப்படிப் பாருங்க."

துரைக்கண்ணு அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு தண்ணீர்ப் பக்கம் திரும்பினார்.

ஓடை சலசலத்தது. ஒரு குருவி கல்லுக்குக் கல் தாவியது.

"அட" என்றார் துரைக்கண்ணு.

வெகு நேரம் கழித்து மறுபடியும், "அடேயப்பா" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "வாலை ஆட்டுதுங்க. ஒடம்பெல்லாம் புள்ளி."

"வீசுங்க."

வீசினார். நூல் சுருண்டு, கயிற்றுக் கட்டிலை அவிழ்த்துக் கொட்டியது போலத் தண்ணீரில் விழுந்தது. மீன் போய்விட்டது.

"மன்னிச்சுக்குங்க சார். இன்னிக்கு ஒரு மீன்கூட உங்களுக்குப் பிடிச்சுக் குடுக்க முடியலை" என்றார் வீரபத்திரன்.

துரைக்கண்ணு கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கால்சட்டையைப் பிடித்தபடி, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தொப்பிக் கல்லுக்குப் பின்னாடி ரெண்டு சின்னது. வேர்க்கடியில ஒண்ணு. அது தூங்குதுங்களா?"

"முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கும்."

கரைமேல் காலடிச் சத்தம் கேட்டது. பிலோமினா வந்திருந்தார். இரு கையிலும் தேநீர் டம்ளர். இவர்களைப் பார்த்து அப்படியே நின்றார்.

துரைக்கண்ணு மெதுவாக வீரபத்திரன் பக்கம் திரும்பினார். பார்வை அவருடைய கால்களுக்குப் போனது. அங்கேயே நின்றது.

"கைடு சார். அசையாதீங்க."

"என்ன?"

"அசையாதீங்கன்னு சொன்னேனுங்க. பெருசு ஒண்ணு நிக்குது. இதுக்கு முன்னாடி பாத்ததெல்லாம் இதுக்குக் குஞ்சு."

"எங்கே?"

துரைக்கண்ணுவின் ஒரு கை கோலில் இருந்தது. மறு கை கால்சட்டையில் இருந்தது.

"ஒடம்பைத் திருப்பாதீங்க. உங்க இடது பக்கக் கண்ணாடியில பாருங்க."

வீரபத்திரன் தலையை மட்டும் இடது தோளுக்கு மேலாகத் திருப்பினார்.

"ஒடிங்க. இன்னும் கொஞ்சம் ஒடிங்க. வரலாம், வரலாம், வரலாம். ஹோல்டான்!"

தலை நின்றது.

"இப்போ கண்ணைக் கீழே எறக்குங்க. பின் டயர்."

"பின் டயரா?"

"உங்க இடது குதிகாலுங்க. அதுக்கு நேர் பின்னாடி, ஒரு சாண். உங்க பூட்ஸ் தண்ணியைத் தடுக்குதில்லீங்க, அந்த மறைவுல ஒதுங்கி நிக்குது. டீக்கடை ஓரத்துல லாரியை நிறுத்தின மாதிரி."

வீரபத்திரன் பார்த்தார். நாற்பது வருடமாக இந்த ஓடையில் மீன் பார்த்த கண்கள். தண்ணீர் பளபளத்தது. வானம் தெரிந்தது. ஒரு மேகம் தெரிந்தது.

"தெரியலையே சார்."

"கண்ணாடியைப் பாக்காதீங்க" என்றார் துரைக்கண்ணு.

வீரபத்திரன் மூச்சை நிறுத்தினார்.

மேகம் கலைந்தது. மணல் வந்தது. மணலில் ஒரு கறுப்புக் கோடு. அதற்கு மேலே, அவருடைய காலில் சாய்ந்துகொள்வது போல, கை நீள மீன் ஒன்று வாயை மெல்லத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"தெரியுது" என்றார்.

கரையில் பிலோமினா இரண்டு டம்ளர்களையும் சத்தமில்லாமல் புல்லில் வைத்தார். பைக்குள் கையை விட்டுப் பேனாவைத் தேடினார்.